போன் ஒட்டுக் கேட்கிறதா? தனியுரிமை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தனியுரிமை என்று பேச்செடுத்தாலே வந்து விழும் கேள்விகளை, கேட்பவர்களின் தொனியிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். மக்களின் பயம் பெரும்பாலும் நியாயமானதுதான். ஆனால் பயப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு எங்கோ பார்த்துப் பயப்படுகிறார்கள். கேமராவுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறவரே, கேட்ட மாத்திரத்தில் எந்தப் படிவத்திலும் போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிடுகிறார். மெனுப் பெயர்கள் போனுக்குப் போன் சற்று மாறும்; இங்கே சொன்ன பெயர் கண்ணில் படாவிட்டால் செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் தட்டிப் பாருங்கள்.

1. என்கிட்ட மறைக்க ஒண்ணுமே இல்ல. நான் ஏன் கவலைப்படணும்?

மறைப்பது வேறு, யாரிடம் எதைச் சொல்வது என்று நாமே முடிவு செய்வது வேறு. டாக்டரிடம் சொன்னதை இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சொல்ல மாட்டோம். அது குற்றத்தை மறைப்பது ஆகாது.

ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஓட்டியவர்களிடமும் மறைக்க ஒன்றும் இருந்திருக்காது. கார் எங்கே நிற்கிறது என்பதைச் சில சமயம் 3 விநாடிக்கு ஒரு முறை பதிவு செய்து, சடாரென்று பிரேக் அடித்தது, நள்ளிரவில் ஓட்டியது எல்லாவற்றையும் சேர்த்து விற்றதாக அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2025 ஜனவரியில் குற்றம் சாட்டியது. அந்தத் தரவு தகவல் வியாபாரிகள் வழியாக இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குப் போனது. பிரீமியம் ஏறிய பிறகுதான் பலருக்கு விஷயமே தெரிந்தது.

2. இன்காக்னிட்டோல பார்த்தா யாருக்கும் தெரியாதுதானே?

இன்காக்னிட்டோ என்பது பிரவுசரில் ஹிஸ்டரி சேமிக்காத தனி ஜன்னல். அதே போனை அடுத்து எடுப்பவருக்குத் தெரியாது. அவ்வளவுதான். ஜன்னலை மூடியதும் ஹிஸ்டரி, குக்கீ (உங்களை நினைவில் வைக்கத் தளம் பிரவுசரில் போடும் சிறு கோப்பு), படிவத்தில் தட்டியவை அழியும். நீங்கள் போன தளத்துக்கும், இணைய இணைப்பு தருபவருக்கும், ஆபீஸ் நெட்வொர்க் என்றால் ஆபீசுக்கும் நீங்கள் வந்து போனது தெரியும். உள்ளே ஜிமெயிலில் லாகின் செய்துவிட்டால் கூகுளுக்கு உங்கள் பெயரே தெரியும்.

இன்காக்னிட்டோவில் இருந்தவர்களையும் பின்தொடர்ந்ததாக 2020-இல் கூகுள் மேல் வழக்குப் போட்டார்கள். 2024-இல் சமரசத்துக்கு வந்து, சேர்த்து வைத்திருந்த பதிவுகளை அழிக்க ஒப்புக்கொண்டது.

3. செருப்பு வாங்கணும்னு வீட்ல வாய்விட்டுப் பேசினேன், அவ்ளோதான். அரை மணி நேரத்துல செருப்பு விளம்பரம்! போன் ஒட்டுக் கேக்குதா இல்லையா?

அப்படிக் கேட்டு விளம்பரம் போடுவதற்கு இதுவரை உருப்படியான ஆதாரம் இல்லை. 2018-இல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,260 ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்தார்கள். திருட்டுத்தனமாக ஒலியை அனுப்பிய செயலி ஒன்றுகூடச் சிக்கவில்லை. சிக்கியது வேறு: சில செயலிகள் பயனர் திரையில் செய்வதைப் படமாகப் பிடித்து வெளியே அனுப்பிக்கொண்டிருந்தன. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கணக்குப் போட்டும் பார்க்கலாம். பேச்சைப் புரியும் தரத்தில் சுருக்கி அனுப்ப விநாடிக்கு 16 கிலோபிட் என்று வைத்தால் ஒரு மணிக்கு 7.2 எம்பி, ஒரு நாளைக்கு 170 எம்பிக்கு மேல். செட்டிங்ஸில் டேட்டா யூசேஜ் பக்கத்தில் அது கண்ணில் படாமல் போகாது. போனிலேயே பேச்சை எழுத்தாக மாற்றி அனுப்பலாமே என்றால், நாள் முழுக்க மைக் ஓடினால் பேட்டரி காட்டிக்கொடுத்துவிடும். ஆண்ட்ராய்டு 12 முதல், ஐஓஎஸ் 14 முதல், மைக் இயங்கும்போது திரையின் மேல் ஓரத்தில் ஒரு புள்ளி எரியும்: ஆண்ட்ராய்டில் பச்சை, ஐபோனில் ஆரஞ்சு.

பிறகு விளம்பரம் எப்படி வந்தது? நீங்கள் பேசினீர்கள், வீட்டில் இன்னொருவர் தேடினார். இருவரும் ஒரே வைஃபை, அதனால் வெளியே தெரியும் ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) ஒன்றே. அல்லது போன வாரம் நீங்களே ஒரு செருப்புப் படத்தில் நாலு விநாடி கூடுதலாக நின்றிருப்பீர்கள். அதை நீங்கள் மறந்துவிட்டீர்கள், செயலி மறக்கவில்லை. பேசாத பொருளுக்கு வந்த நூறு விளம்பரங்கள் நினைவில் நிற்பதில்லை என்பதும் உண்டு. உங்களை இவ்வளவு தூரம் கணிக்க மைக்கே தேவையில்லை என்பதுதான் ஒட்டுக் கேட்பதைவிடக் கவலைக்குரிய விஷயம்.

4. சரி, ஆனா அந்த வாய்ஸ் ஸ்பீக்கர் எப்பவும் கேட்டுக்கிட்டுதானே இருக்கு?

இது வேறு கதை. எழுப்பும் சொல்லுக்காக அது எந்நேரமும் காது கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். அந்தச் சொல் காதில் விழுந்ததும் பதிவு கம்பெனி சர்வருக்குப் போகும். பேச்சில் அதைப் போல ஒலிக்கும் வேறு சொல் வந்தாலும் விழித்துக்கொள்ளும். அமேசான், கூகுள், ஆப்பிள் மூன்றிலும் இந்தப் பதிவுகளில் ஒரு பகுதியை மனிதர்கள் உட்கார்ந்து கேட்டார்கள் என்பது 2019-இல் வெளியானது. அமேசானின் எக்கோ ஸ்பீக்கர்கள் சிலவற்றில் 'பதிவை அனுப்பாதே' என்று ஒரு வசதி இருந்தது. 2025 மார்ச் 28-ஆம் தேதி அமேசான் அதையும் எடுத்துவிட்டது.

வீட்டில் இருந்தே ஆகவேண்டும் என்றால் படுக்கையறையில் வேண்டாம். மைக்கை அணைக்கும் பொத்தானைப் பயன்படுத்துங்கள், செயலியில் பழைய பதிவுகள் தாமாக அழியும்படி வையுங்கள்.

5. குக்கீ பெட்டி வந்தா 'அக்செப்ட் ஆல்' அழுத்திட்டுப் போயிடறேன். தப்பா?

தப்பு உங்களுடையது அல்ல. அந்தப் பெட்டியை அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். ஏற்க ஒரு தட்டு, மறுக்க நாலு தட்டு. இதற்காகவே பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோ, ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோ அபராதம் அறிவித்தது. 'ரிஜெக்ட்' அழுத்திய பிறகும் 'லெஜிட்டிமேட் இன்ட்ரஸ்ட்' (உங்கள் சம்மதம் கேட்காமலே 'நியாயமான தேவை' என்று சொல்லித் தரவை எடுப்பது) என்று தனித் தாவல் இருந்தால் உள்ளே பாருங்கள். சில தளங்களில் அங்கே எல்லாம் 'ஆன்' ஆகவே இருக்கும்.

ஒவ்வொரு பெட்டியோடும் மல்லுக்கட்டுவதைவிட பிரவுசரிலேயே வேலையை முடிப்பது நல்லது. சஃபாரி 2020 முதல் மூன்றாம் தரப்புக் குக்கீகளை (நீங்கள் திறந்த தளம் அல்லாமல், விளம்பரக் கம்பெனி மாதிரி வேறொருவர் போடும் குக்கீகளை) முழுதாகத் தடுக்கிறது. ஃபயர்பாக்ஸில் 'என்ஹான்ஸ்டு டிராக்கிங் ப்ரொடெக்‌ஷன்' பகுதியில் 'ஸ்ட்ரிக்ட்' வையுங்கள். குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி, தர்ட் பார்ட்டி குக்கீஸ் என்று போய் நீங்களே 'பிளாக்' செய்ய வேண்டும். இரண்டே வருடத்தில் தானே ஒழிப்பதாக 2020-இல் சொன்ன கூகுள், தேதியைத் தள்ளிக்கொண்டே போய் 2024-இல் திட்டத்தைக் கைவிட்டது. விளம்பரத்தில் வாழும் கம்பெனி விளம்பரக் குக்கீயை ஒழிக்கும் என்று எதிர்பார்த்தது கொஞ்சம் அதிகம்தான்.

6. குக்கீயை எல்லாம் அழிச்சுட்டேன். இனி என்னை அடையாளம் தெரியாதே?

தெரியலாம். திரையின் அளவு, நேர மண்டலம், மொழி, எழுத்துருக்கள், கிராபிக்ஸ் சிப் ஒரு படத்தை வரையும் விதம் என்று உங்கள் பிரவுசர் கேட்காமலே ஒப்பிக்கும் விவரங்களைச் சேர்த்தால் ஒரு கைரேகை கிடைக்கும். இணைய உரிமைகளுக்காகப் போராடும் எலக்ட்ரானிக் ஃப்ரண்டியர் ஃபவுண்டேஷன் 2010-இல் செய்த சோதனையில் வந்த பிரவுசர்களில் 83.6 சதவீதம் தனித்துத் தெரிந்தன. அழிக்க இதில் ஒன்றும் இல்லை. குக்கீயாவது உங்கள் கணினியில் கிடந்தது.

பலரும் இங்கே சறுக்குகிறார்கள். பாதுகாப்புக்காக ஏழெட்டு எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் சேர்க்கும் கூடுதல் கருவி) போட்டால், அந்தக் கலவையே உங்களை ஊரிலேயே தனி ஆளாகக் காட்டும். நல்ல விளம்பரத் தடுப்பான் ஒன்று போதும். அடையாளம் மறைப்பதற்கென்றே செய்த டோர் பிரவுசர் நேர் எதிர் வழியில் போகிறது: பயனர் எல்லாரையும் ஒரே மாதிரி காட்டப் பார்க்கும். அதனால் அதன் ஜன்னல் அளவை இழுத்து மாற்றாதீர்கள், எக்ஸ்டென்ஷனும் சேர்க்காதீர்கள்.

7. அப்போ விபிஎன் போட்டா எல்லாம் சரியாயிடுமா?

விபிஎன் என்பது உங்கள் இணையப் போக்குவரத்தைப் பூட்டி வேறொரு கம்பெனியின் சர்வர் வழியாக அனுப்பும் சேவை. அது உங்கள் நம்பிக்கையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுகிறது. இணைய இணைப்பு தருபவருக்குத் தெரிந்துகொண்டிருந்த தளப் பெயர்கள் இனி விபிஎன்காரருக்குத் தெரியும். தளத்துக்கு உங்கள் ஐபி தெரியாது. ஆனால் லாகின் செய்தால் நீங்கள் யார் என்று தெரியும், 6-ஆவது பதிலில் சொன்ன கைரேகையும் அப்படியே இருக்கும். பொது வைஃபையில் பாஸ்வேர்டைத் திருடுவார்கள் என்று விளம்பரத்தில் பயமுறுத்துவார்கள். இன்று பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ், அதாவது உங்களுக்கும் தளத்துக்கும் நடுவே போவதைப் பூட்டி அனுப்பும் முறை. பூட்டு ஏற்கெனவே போட்டுத்தான் இருக்கிறது.

இலவச விபிஎன் என்றால் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஃபேஸ்புக் 2013-இல் ஒனாவோ என்ற விபிஎன் கம்பெனியை வாங்கியது. மக்கள் வேறு எந்தெந்தச் செயலிகளைப் பயன்படுத்துகிறார்கள் என்று அறிய அதையே பயன்படுத்தியது. 2018-இல் அது ஆப்பிள் கடையிலிருந்து வெளியேற வேண்டியதாயிற்று.

8. வாட்ஸ்அப் மெசேஜ் பூட்டினதுன்னு சொல்றாங்க. நம்பலாமா?

உள்ளடக்கத்தைப் பொறுத்தவரை நம்பலாம். அனுப்பியவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கக்கூடிய சிக்னல் நெறிமுறையில்தான் 2016 முதல் பூட்டுகிறார்கள். யாரோடு, எப்போது, எவ்வளவு அடிக்கடி பேசுகிறீர்கள் என்பது அந்தப் பூட்டுக்குள் இல்லை. இரவு இரண்டு மணிக்கு வக்கீலுக்கும், உடனே டாக்டருக்கும் போன் செய்தவர் என்ன பேசினார் என்று கேட்கவே வேண்டியதில்லையே.

பெரிய ஓட்டை பேக்கப்பில் இருக்கிறது. கூகுள் டிரைவுக்கோ ஐகிளவுடுக்கோ போகும் பிரதி, நீங்கள் சொல்லாவிட்டால் அந்த வகையில் பூட்டப்படாது. செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப், எண்ட் டு எண்ட் என்கிரிப்டட் பேக்கப் என்று போய் இயக்குங்கள். பாஸ்வேர்டோ 64 இலக்கச் சாவியோ கேட்கும். தாளில் எழுதி வையுங்கள். தொலைந்தால் வாட்ஸ்அப்காரரே வந்தாலும் திறக்க முடியாது, அதற்குத்தானே பூட்டு. எதிராளி இதைச் செய்யவில்லை என்றால் உங்கள் உரையாடல் அவர் பேக்கப்பில் திறந்து கிடக்கும்.

9. டார்ச் ஆப்புக்கு எதுக்கு லொகேஷன்?

டார்ச்சுக்குத் தேவையில்லை, விளம்பரத்துக்குத் தேவை. 2013-இல் டார்ச் செயலி ஒன்றின் மேல் ஃபெடரல் டிரேட் கமிஷன் நடவடிக்கை எடுத்தது: பயனர் சம்மதிக்கும் முன்பே இருப்பிடத்தையும் போனின் அடையாள எண்ணையும் வெளியே அனுப்பியதற்காக.

செட்டிங்ஸில் லொகேஷன், ஆப் பர்மிஷன்ஸ் பக்கத்தைத் திறந்து 'எப்போதும்' என்றிருக்கும் ஒவ்வொன்றையும் 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று இறக்குங்கள். வழி காட்டும் மேப்புக்குத்தான் துல்லிய இருப்பிடம் வேண்டும். வானிலைச் செயலிக்கு 'பிரிசைஸ்' பொத்தானை அணைத்துவிடலாம், மழை அதே மழைதான். அடுத்து விளம்பர எண் (விளம்பரக்காரர்கள் செயலிகளுக்கு இடையே உங்களைப் பின்தொடரப் பயன்படும் எண்): ஆண்ட்ராய்டில் பிரைவசி, ஆட்ஸ், 'டெலீட் அட்வர்டைசிங் ஐடி'. ஐபோனில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, டிராக்கிங், 'அலோ ஆப்ஸ் டு ரிக்வெஸ்ட்' அணைப்பு. மொத்தம் பத்து நிமிட வேலை. இந்தப் பக்கத்தில் சொன்னவற்றில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

10. டிவி கூடவா வேவு பார்க்கும்?

போனைவிட அதிகமாகவே. திரையில் ஓடும் படத்திலிருந்து மாதிரி எடுத்து, கைரேகையாக்கி, என்ன நிகழ்ச்சி என்று சர்வரில் ஒப்பிடும் நுட்பத்துக்கு ஏசிஆர் என்று பெயர். செயலியைப் பார்ப்பதில்லை, திரையைப் பார்க்கிறது. ஆகையால் எச்டிஎம்ஐயில் செருகிய கருவியில் ஓடுவதும் மாட்டும். 1.1 கோடி டிவிகளில் சொல்லாமல் இதைச் செய்ததற்காக அமெரிக்க டிவி கம்பெனி விசியோ 2017-இல் 22 லட்சம் டாலர் கட்டியது. அதற்குப் பிறகும் தொழில் வளர்ந்தது: 2021 வாக்கில் டிவி விற்றுக் கிடைத்த லாபத்தைவிட, விளம்பரமும் தரவும் நடத்திய பிரிவில் விசியோவுக்கு லாபம் அதிகம். டிவி ஏன் இவ்வளவு மலிவு என்ற கேள்விக்கும் இதிலேயே பாதி பதில் இருக்கிறது.

அணைக்கும் இடத்தை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயரில் ஒளித்து வைத்திருக்கும். சாம்சங்கில் 'வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்', எல்ஜியில் 'லைவ் பிளஸ்'. மென்பொருள் புதுப்பித்த பிறகு ஒரு முறை திரும்பிப் பாருங்கள். டிவியை நெட்டிலேயே இணைக்காமல், நிகழ்ச்சிகளை ஓடவிடும் தனி ஸ்டிக்கைச் செருகலாம். அப்போது ஸ்டிக் கம்பெனி பார்க்கும்.

11. "உங்கள் தரவை நாங்கள் விற்பதில்லை"ன்னு கம்பெனியே எழுதியிருக்கே?

'விற்பது' என்ற சொல்லை அவர்கள் எப்படி வரையறுக்கிறார்கள் என்று தேடுங்கள். காசு கைமாறவில்லை, பதிலுக்கு விளம்பரச் சேவை கிடைத்தது என்றால் அது விற்பனையே இல்லை என்பார்கள். கலிஃபோர்னியா சட்டம் அதையும் விற்பனை என்கிறது. அப்படிச் செய்துவிட்டு விற்கவில்லை என்று சொன்னதற்காக அழகுப் பொருள் கம்பெனி செஃபோரா 2022-இல் 12 லட்சம் டாலர் கட்டியது.

'பங்காளர்கள்', 'சேவையை மேம்படுத்த' என்ற இரண்டு சொற்களும் தனியுரிமைக் கொள்கையில் எத்தனை முறை வருகின்றன என்று தேடிப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கும்.

12. பேரை எடுத்துட்டுதான் பயன்படுத்தறாங்களாமே. அப்புறம் என்ன?

பெயரை எடுத்தால் ஆள் மறைந்துவிட மாட்டார். 2006-இல் அமெரிக்க இணையக் கம்பெனி ஏஓஎல் சுமார் 6.5 லட்சம் பேரின் தேடல்களை, பெயருக்குப் பதில் எண் போட்டு ஆய்வுக்காக வெளியிட்டது. சில நாட்களிலேயே பத்திரிகையாளர்கள் ஒரு எண்ணுக்கு உரியவரின் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார்கள். 2013-இல் வந்த ஓர் ஆய்வு, 15 லட்சம் பேரின் செல்போன் இருப்பிடத் தரவை எடுத்துப் பார்த்தது. ஒருவர் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்ற நான்கே புள்ளிகள் இருந்தால் 95 சதவீதம் பேரைத் தனித்துப் பிரிக்க முடிந்தது. போன் இரவில் எங்கே கிடக்கிறது, பகலில் எங்கே கிடக்கிறது என்று பார்த்தால் வீடும் வேலையிடமும் வந்துவிடுகின்றன. பெயருக்கு அப்புறம் எவ்வளவு தூரம்?

'ஹாஷ் செய்துதான் அனுப்புகிறோம்' என்பது இன்னொரு ஆறுதல் மொழி. ஹாஷ் என்றால் நம்பரையோ பெயரையோ ஒரு கணக்கில் போட்டு, பார்த்தால் புரியாத குறியீடாக மாற்றுவது. ஒரே போன் நம்பரை யார் ஹாஷ் செய்தாலும் ஒரே விடை வரும். கடைக்காரரின் பட்டியலையும் விளம்பரக் கம்பெனியின் பட்டியலையும் பொருத்துவதற்கே அதைச் செய்கிறார்கள். போன் நம்பர் 10 இலக்கம் என்றால் மொத்தம் 1,000 கோடி சாத்தியங்கள். நல்ல கிராபிக்ஸ் கார்டு விநாடிக்கு நூற்றுக்கணக்கான கோடி ஹாஷ் போடும். அத்தனையையும் போட்டுப் பார்த்து நம்பரைக் கண்டுபிடிப்பது காபி ஆறுவதற்குள் முடிகிற வேலை.

13. பாதுகாப்புக்குன்னு போன் நம்பர் கேக்கறாங்க. அதையாவது கொடுக்கலாமா?

கொடுத்ததை விளம்பரத்துக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இரட்டைச் சரிபார்ப்புக்காக (பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீடும் கேட்பது) வாங்கிய நம்பரை விளம்பரத்துக்கும் பயன்படுத்தியது, ஃபேஸ்புக் மேல் 2019-இல் 500 கோடி டாலர் அபராதம் விழுந்த வழக்கில் இருந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. அதே காரியத்துக்கு ட்விட்டர் 2022-இல் 15 கோடி டாலர் கட்டியது.

இரட்டைச் சரிபார்ப்பை விட்டுவிடாதீர்கள், வழியை மாற்றுங்கள். ஆதென்டிகேட்டர் செயலி 30 விநாடிக்கு ஒரு முறை 6 இலக்கம் காட்டும். அதற்கு நம்பரும் வேண்டாம், நெட்டும் வேண்டாம். போன் மாற்றும் நாளில்தான் மாட்டிக்கொள்வார்கள்: பழைய போனை அழித்துவிட்டுப் புதியதில் தேடினால் ஒன்றும் இருக்காது. கணக்கு தொடங்கும்போதே பேக்கப் கோடுகளை (செயலி இல்லாதபோது உள்ளே போகத் தளம் தரும் மாற்றுக் குறியீடுகள்) தாளில் எழுதி வையுங்கள்.

14. பழைய போனை வேணும்னே மெதுவாக்கறாங்கதானே?

ஒரு முறை பிடிபட்டார்கள். ஆனால் காரணம் நீங்கள் நினைப்பது அல்ல. 2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1, தேய்ந்த பேட்டரி உள்ள ஐபோன்களின் வேகத்தைக் குறைத்தது. தேய்ந்த பேட்டரியில் உள்மின்தடை ஏறும். சிப் திடீரென்று அதிக மின்சாரம் இழுத்தால் மின்னழுத்தம் விழுந்து போன் அணைந்துவிடும். வேகத்தைக் குறைத்ததால் அணையவில்லை. பொறியியலாகச் சரி. சொல்லாமல் செய்ததுதான் அயோக்கியத்தனம்: பேட்டரி மாற்றினால் போதும் என்று தெரியாமல் எத்தனை பேர் புது போன் வாங்கியிருப்பார்கள்? 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்ட ஆப்பிள், பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 ஆகக் குறைத்தது; 2020-இல் 50 கோடி டாலர் வரை தரச் சம்மதித்தது.

போன் மந்தமானால் முதலில் பேட்டரி ஹெல்த் பாருங்கள். 80 சதவீதத்துக்குக் கீழே என்றால் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். அடுத்து சேமிப்பிடம்: கழுத்து வரை நிரம்பிய போன் எதுவானாலும் திணறும்.

15. காசு கொடுத்து வாங்கின பொருள். அது என்னோடதுதானே?

பெட்டி உங்களுடையது, உயிர் சர்வரில். வீட்டு விளக்கு, பூட்டு போன்றவற்றைப் போனிலிருந்து இயக்க உதவும் ரெவால்வ் என்ற மையக் கருவியை 300 டாலருக்கு விற்றார்கள். 2014-இல் கூகுளின் நெஸ்ட் அந்தக் கம்பெனியை வாங்கியது. 2016 மே மாதம் சர்வரை அணைத்தது. கருவி பழுதாகவில்லை, ஆனாலும் பேப்பர்வெயிட் ஆகிவிட்டது. 'இலவசம் என்றால் நீதான் சரக்கு' என்ற பழமொழியும் இதனால் அரைகுறை. 1-ஆம் பதிலில் வந்த காரும் 10-இல் வந்த டிவியும் காசு கொடுத்து வாங்கியவைதான்.

வாங்கிய அன்றே ஒரு சோதனை: திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ரவுட்டரை அணைத்துவிட்டுக் கருவியை இயக்கிப் பாருங்கள். விளக்கு எரியவில்லை, பூட்டு திறக்கவில்லை என்றால் நீங்கள் வாங்கியிருப்பது வாடகைப் பொருள்.

16. ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணிட்டேன். என் விவரம் போயிடுச்சா?

இல்லை. போனிலிருந்து செயலி போனது, சர்வரில் கணக்கு இருக்கிறது. கணக்கு தொடங்க விடும் செயலி, உள்ளேயே அதை அழிக்கவும் வழி தரவேண்டும் என்பது 2022 ஜூன் 30 முதல் ஆப்பிள் கடையின் விதி. முதலில் உங்கள் தரவைப் பதிவிறக்குங்கள், பிறகு கார்டு விவரத்தை நீக்குங்கள், அதன் பின் கணக்கை அழியுங்கள், கடைசியில் செயலி. இந்த வரிசை மாறினால் செயலியை மறுபடி ஏற்ற வேண்டி வரும். ஃபேஸ்புக் மாதிரிக் கம்பெனிகள் 30 நாள் காத்திருப்பு வைத்திருக்கும். நடுவில் சபலப்பட்டு ஒரு முறை லாகின் செய்து, அழிப்பதை ரத்து செய்துவிடுகிறவர்கள் நிறைய.

17. நான் எவ்ளோ ஜாக்கிரதையா இருந்தாலும், என் நம்பர் மத்தவங்க போன்ல இருக்கே?

இருக்கிறது. இதற்கு முழுத் தீர்வு உங்கள் கையில் இல்லை. 2023-இல் 23ஆண்ட்மீ என்ற மரபணுச் சோதனைக் கம்பெனியில் நடந்ததைப் பாருங்கள். வேறு எங்கோ கசிந்த பாஸ்வேர்டையே இங்கும் வைத்திருந்த சுமார் 14,000 கணக்குகளுக்குள் திருடர்கள் நுழைந்தார்கள். உறவினரைக் காட்டும் வசதி வழியாக 69 லட்சம் பேரின் விவரம் போனது. அவர்களில் பெரும்பாலோர் நல்ல பாஸ்வேர்டு வைத்திருந்தாலும் பயன் இல்லை. 2025 மார்ச்சில் அந்தக் கம்பெனி திவால் மனு கொடுத்தபோது மரபணுத் தரவு யார் கைக்குப் போகும் என்ற கேள்வி அதற்கு மேல் எழுந்தது.

உங்கள் பக்கத்திலிருந்து அடுத்தவருக்குக் கேடு வராமல் பார்த்துக்கொள்ள முடியும். செயலி காண்டாக்ட்ஸ் கேட்டால் மறுத்துவிடுங்கள். ஐஓஎஸ் 18 முதல், தேவையான சிலரை மட்டும் தேர்ந்து கொடுக்கலாம். ஏற்கெனவே ஏற்றிவிட்டிருந்தால் அனுமதியை நிறுத்துவது மட்டும் போதாது, அந்தச் செயலியின் செட்டிங்ஸில் 'ஏற்றிய காண்டாக்ட்ஸை அழி' என்று தனியாக ஒரு வரி இருக்கும், அதையும் அழுத்துங்கள். அடுத்தவர் படத்தை அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் படமாக அனுப்புங்கள். டாக்குமென்டாக அனுப்பினால் எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை கோப்புக்குள்ளேயே கூடப் போகும்.